அந்தப் பூஜ்யத்துக்குக் கீழே என் கையெழுத்தும் இருக்கிறது

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வட்டாரத்துத் தோல், காலணித் தொழிற்சாலை முதலாளிமார்களுக்கும், அவர்கள் சார்பில் ஆலையை நடத்துகிற மேலாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

நான் உங்களில் மூன்று பேருடைய கம்பெனிகளில் மொத்தம் 26 வருஷம் வேலை பார்த்தவள். 1996-ல் சேர்ந்தேன். ஷூவின் மேல்பாகம் தைக்கிற லைன்தான் என் இடம். அப்பர் என்று நாம் சொல்வது. கடைசி ஏழு வருஷம் அதே லைனில் செக்கிங். 2022-ல் முழங்கால் ஒத்துழைக்கவில்லை, நின்றுவிட்டேன். இப்போது மாதனூர் பக்கம் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன்.

எந்தக் கம்பெனியின் பெயரையும் எந்த ஆளின் பெயரையும் இதில் எழுதப் போவதில்லை. எழுதினால் அந்த ஒரு முதலாளி கோபப்படுவார், மற்றவர்கள் "நல்ல வேளை, நாம இல்லை" என்று மடித்து வைத்துவிடுவார்கள். எல்லோரும் படிக்க வேண்டும் என்பதால் பெயரை விட்டுவிட்டேன்.

விஷயம் ஒரு காகிதம். வருஷக் கடைசியில் உங்கள் எச்.ஆர். ஆபீசில் தயாராகிற ஒரு பக்கக் காகிதம். உள்ளகப் புகார்க் குழுவின் ஆண்டறிக்கை என்று தலைப்பு இருக்கும். இந்த வருஷம் வந்த பாலியல் துன்புறுத்தல் புகார்கள் 0, முடித்தவை 0, நிலுவையில் இருப்பவை 0. கீழே குழுவின் கையெழுத்துகள். 2018-ம் வருஷத்து அறிக்கை ஒன்றில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

அந்த வருஷம் ஒரு புகார் வந்தது. என்னிடம்தான் வந்தது.

அதைச் சொல்வதற்கு முன்னால் நான் எப்படிக் குழுவில் உறுப்பினர் ஆனேன் என்று சொல்லிவிடுகிறேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. ஷூ வாங்குகிற ஜெர்மனிக்காரப் பையருடைய ஆடிட் வருகிறது என்று கம்பெனி முழுக்கச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த ஒரு வாரத்தில், டைம் ஆபீஸ் பையன் வந்து, "அக்கா, நீங்க போஷ் கமிட்டியில இருக்கீங்க, கேட்டா ஆமான்னு சொல்லுங்க" என்றான். போஷ் என்றதும் ஏதோ புது பாலிஷின் பெயர் என்றுதான் நினைத்தேன். எங்கள் தொழிலில் அப்படித்தானே நினைக்கத் தோன்றும். அப்புறம் பார்த்தால் அது இந்தப் பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழுதான், இரண்டு வருஷமாகவே என் பெயர் அந்தப் பட்டியலில் இருந்திருக்கிறது. குழுவின் தலைவி என்று போட்டிருந்தவர் முதலாளி வீட்டு அம்மா. சென்னையில் இருந்தார். அவரை நான் ஒருமுறைகூட ஆலைக்குள் பார்த்ததில்லை. வெளி உறுப்பினர் என்ற இடத்தில் கம்பெனிக்குக் கணக்கு பார்க்கிற ஆடிட்டரின் மனைவி பெயர் இருந்தது. நோட்டீஸ் ஒன்று இருந்தது, அழகாக பிரேம் போட்டு, முழுக்க ஆங்கிலத்தில், எம்.டி. அறை வாசலில். லைன் பெண்கள் அந்தப் பக்கம் போக கேட் பாஸ் வேண்டும்.

ஆடிட் நன்றாக முடிந்தது. எங்களுக்கு ஆளுக்கு ஒரு ஜிலேபி.

இனி அந்தப் புகார். பேக்கிங்கில் வேலை செய்த ஒரு பெண். இருபது வயது இருக்கும், குடியாத்தம் பக்கத்து ஊர். கம்பெனி ஆள் இல்லை, காண்டிராக்ட் மூலம் வந்தவள். ஜூலையில் ஏற்றுமதி அவசரம், ஓவர்டைம் முடிந்து இரவு ஒன்பதரைக்குத்தான் பஸ் கிளம்பும். அவள் இறங்குகிற ஊர் கடைசி. அதே பஸ்ஸில் வருகிற ஒரு சூப்பர்வைசர், பஸ் காலியாகக் காலியாக, முன்சீட்டிலிருந்து பின்சீட்டுக்கு வருவார். மூன்று இரவு நடந்ததை அவள் டிபன் நேரத்தில், தலை குனிந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். நான் அப்படியே கையைக் கழுவி அவளை எச்.ஆரிடம் கூட்டிப் போனேன். எனக்கு அப்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது, நான் கமிட்டி ஆயிற்றே.

எச்.ஆர். நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தவில்லை. அவர் சொன்னது மூன்று. ஒன்று, இந்தப் பெண் நம்ம சம்பள ரோலில் இல்லை, காண்டிராக்டரிடம் போய்ச் சொல்லட்டும். இரண்டு, நடந்தது கேட்டுக்கு வெளியே, பஸ்ஸில், அதற்குக் கம்பெனி எப்படிப் பொறுப்பு? மூன்று, சும்மா வாயால் சொன்னால் ஆகாது, ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டுவரட்டும், தலைமை ஆபீசுக்கு அனுப்ப வேண்டும்.

நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வந்தேன். சட்டம் தெரியாததால் வந்த மௌனம் அது. பின்னாளில் என் மகன் 2013-ம் வருஷத்துப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தைத் தமிழில் தேடிக் கொடுத்தான். 2013 டிசம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிற சட்டம். படித்தபோது எனக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம் வந்தது. அந்த மூன்று பதிலுக்கும் அதில் வரி வரியாக மறுப்பு இருக்கிறது.

தொழிலாளி என்றால் நிரந்தரம், தற்காலிகம், தினக்கூலி, பயிற்சியாள் எல்லோரும்தான். காண்டிராக்டர் மூலம் வந்தவரும் சேர்த்தி, அதுவும் முதன்மை முதலாளிக்குத் தெரிந்து வந்தாலும் தெரியாமல் வந்தாலும். எங்கள் ரோலில் இல்லை என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. பணியிடம் என்றால் நான்கு சுவர் மட்டும் இல்லை, வேலை நிமித்தமாகப் போகிற இடமும், முதலாளி ஏற்பாடு செய்த வண்டியும் பணியிடம்தான். கம்பெனி பஸ் பணியிடம். ஒன்பதரை மணி பஸ்ஸின் கடைசி சீட்டும் பணியிடம். புகாரை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் அவளால் எழுத முடியாவிட்டால் எழுதிக் கொடுக்க உதவ வேண்டியது குழுவின் கடமை. ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று எங்கேயும் இல்லை. உடம்பாலோ வேறு காரணத்தாலோ அவளால் முடியாத நிலையில், அவள் எழுத்தில் சம்மதித்தால், நடந்தது தெரிந்த கூட வேலை செய்பவரே அவளுக்காகக் கொடுக்கலாம். நானே கொடுத்திருக்கலாம்.

எல்லாவற்றிலும் என்னை உறுத்துவது காலக்கெடு. கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாத சூழ்நிலை இருந்தது என்று குழு எழுத்தில் காரணம் பதிந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். எங்கள் எச்.ஆர். அவளை மூன்று முறை "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றார். செப்டம்பர் முடிந்தது. அக்டோபர் பாதியில் காண்டிராக்டர், "நாளையிலிருந்து ஆள் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். தை மாதம் அவளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த சூப்பர்வைசர் அதே பஸ்ஸில், முன்சீட்டில்.

டிசம்பரில் டைம் ஆபீஸ் பையன் காகிதத்தை நீட்டினான். நான் லைனில் இருந்தேன், டார்கெட் ஓடிக்கொண்டிருந்தது. பீஸைக் கீழே வைக்காமலே, முழங்கையில் காகிதத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்த்துத்தான் போட்டேன். அதுதான் விஷயம்.

உங்களில் சிலர் இந்நேரம், இது 2013-ல் வந்த புதுச் சட்டம், பழகக் கொஞ்சம் காலம் ஆகும் என்று நினைக்கலாம். இது புதுசு இல்லை. ராஜஸ்தானில் பன்வாரி தேவி என்ற கிராமப் பணியாளர் ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போய், 1992-ல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அவர் செய்தது அரசு கொடுத்த வேலை. அதையொட்டிப் பெண்கள் அமைப்புகள் போட்ட வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1997 ஆகஸ்டில் விசாகா தீர்ப்பைக் கொடுத்தது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் வரை எல்லா வேலை கொடுப்பவர்களும் இதைத்தான் சட்டமாகப் பின்பற்ற வேண்டும், புகார்க் குழு வைக்க வேண்டும் என்றது. அந்த ஆகஸ்டில் நான் எங்கே இருந்தேன் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் முதல் கம்பெனியில், இரண்டாவது லைனில், எட்டாவது மெஷினில்.

அந்த மெஷினுக்குப் பின்னால் ஒரு மெக்கானிக் வந்து நிற்பார். ஊசி சரியில்லை, நூல் அறுகிறது என்று கூப்பிட்டால் வரவேண்டியவர், கூப்பிடாமலே வருவார். தோளுக்கு மேல் குனிந்து ஊசியைப் பார்ப்பார். அவ்வளவுதான், இதற்கு மேல் எழுத எனக்கு இன்றும் கை வரவில்லை. அப்போது எனக்கு 22 வயது. அம்மாவிடம் சொன்னேன், "வேற கம்பெனி பாரு" என்றாள். வேறு கம்பெனி பார்த்தேன். மூன்று வருஷம் எட்டு மாதத்தில் விட்டதால் கிராஜுவிட்டி கிடையாது. அன்றைக்கு இருந்த 1972-ம் வருஷச் சட்டப்படி அதற்கு ஐந்து வருஷத் தொடர்ச்சி வேண்டியிருந்தது. வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற அந்தப் பணம் போயிற்று. லைனில் சீனியாரிட்டியும் போய், புது இடத்தில் மறுபடி ஹெல்பரிலிருந்து ஆரம்பித்தேன். மெக்கானிக்குக்கு ஒன்றும் போகவில்லை. உங்கள் ரிஜிஸ்டரில் என் பெயருக்கு எதிரே "சொந்தக் காரணங்களுக்காக விலகல்" என்று இருக்கும். முதலாளிமார்களே, அந்த மாதிரி விலகல்களை ஒருநாள் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். ஒரே சூப்பர்வைசர் லைனிலிருந்து வருஷத்துக்கு எத்தனை பெண்கள் சொந்தக் காரணத்துக்காக விலகுகிறார்கள் என்று பாருங்கள். பூஜ்யத்துக்குள் ஒளிந்திருக்கிற எண் அங்கே கிடைக்கும்.

புகார் ஏன் வருவதில்லை என்பதற்கு நீங்கள் பெரிய ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. ஒரு பெண் புகார் சொல்ல ஆபீசுக்குப் போனால் லைனில் அவள் மெஷின் நிற்கும். பீஸ் தேங்கும். பக்கத்து மெஷின்காரி எட்டிப் பார்ப்பாள், சூப்பர்வைசர் எங்கே போனாள் என்று கேட்பார். சாயங்காலத்துக்குள் விஷயம் பஸ் முழுக்கத் தெரியும், ராத்திரிக்குள் ஊருக்குத் தெரியும். மறுநாள் அவளை "பாதுகாப்புக்காக" வேறு லைனுக்கு மாற்றுவார்கள். அங்கே அவளுக்குப் பழக்கமில்லாத வேலை, டார்கெட் விழும், மெமோ வரும். தண்டனை யாருக்கு என்று லைனில் இருக்கிற எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அப்புறம் அடுத்த பத்து வருஷத்துக்கு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நீங்களும் நிம்மதியாக 0 என்று எழுதலாம்.

சட்டம் இதையும் யோசித்திருக்கிறது. விசாரணை நடக்கும்போது அவள் எழுதிக் கேட்டால், குழு சிபாரிசின்படி அவளையோ, புகாருக்கு ஆளானவரையோ இடம் மாற்றலாம். அவள் கணக்கில் இருக்கிற விடுப்பு போக, மூன்று மாதம் வரை தனியாக விடுப்பு கொடுக்கலாம். அவளுடைய வேலையைப் பற்றி அந்த ஆள் ரிப்போர்ட் எழுதக் கூடாது என்று நிறுத்தலாம். அவள் கேட்காமல் அவளைத் தூக்கி வேறு லைனில் போடுவது பாதுகாப்பு இல்லை. புகார் கொடுத்தவர் யார், என்ன சொன்னார் என்பதை வெளியே விடுவதும் குற்றம். பஸ்ஸில் பேச்சு வந்தால், பேச்சு எந்த அறையிலிருந்து கிளம்பியது என்று பாருங்கள்.

பஞ்சாயத்து பற்றியும் ஒரு வார்த்தை. நம் பக்கம் எந்த விவகாரத்தையும் ஊர்ப் பெரியவர் இருவரை வைத்து, ஐயாயிரமோ பத்தாயிரமோ கையில் கொடுத்து முடிப்பது வழக்கம். இதில் அது செல்லாது. சமரசம் என்பதே அந்தப் பெண் தானாகக் கேட்டால்தான். கேட்டாலும் பணம் கொடுத்துச் சமரசம் கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. விசாரணை முடிந்து குற்றம் உறுதியான பிறகு நஷ்ட ஈடு என்பது வேறு. அது அவள் பட்ட மன உளைச்சல், இழந்த வேலை வாய்ப்பு, மருத்துவச் செலவு, அந்த ஆளின் வருமானம் இதையெல்லாம் பார்த்துக் குழு சொல்வது.

"பொய்ப் புகார் கொடுத்தால்?" இந்தக் கேள்வியைக் கேட்காத முதலாளி இல்லை, மேனேஜர் இல்லை. இன்னும் ஒரு புகார்கூட விசாரிக்காத கம்பெனியில் பொய்ப் புகாரைப் பற்றி இவ்வளவு கவலை எப்படி வருகிறதோ, எனக்குப் புரிந்ததே இல்லை. இருந்தாலும் கேள்வி நியாயமானதுதான், பதிலும் சட்டத்திலேயே இருக்கிறது. புகாரின் நகலை ஏழு வேலை நாளுக்குள் எதிர்த் தரப்புக்குக் கொடுக்க வேண்டும். அவர் பத்து வேலை நாளுக்குள் தன் பதிலையும் சாட்சிப் பட்டியலையும் கொடுக்கலாம். இரண்டு பக்கமும் கேட்க வேண்டும், எந்தப் பக்கமும் வக்கீல் கூட்டி வரக் கூடாது. ஆளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் குழுவுக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குச் சமமான அதிகாரம் இருக்கிறது. பஸ் டிரிப் ஷீட், பஞ்சிங் பதிவு, கேமரா எல்லாம் வரவழைக்கலாம். விசாரணையை 90 நாளுக்குள் முடித்து, பத்து நாளுக்குள் அறிக்கை தந்து, அதன்மேல் 60 நாளுக்குள் நீங்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும். கெட்ட எண்ணத்தோடு பொய் சொன்னாள் என்று விசாரணையில் நிரூபணமானால் அவள்மேலும் நடவடிக்கை உண்டு. ஆனால் நிரூபிக்க முடியவில்லை என்பதனாலேயே அது பொய்ப் புகார் ஆகிவிடாது. ராத்திரி பஸ்ஸின் கடைசி சீட்டுக்குச் சாட்சி எங்கே இருந்து வரும்? ஒழுங்காக விசாரிக்கிற குழு தவறு செய்யாத சூப்பர்வைசருக்கும் காவல்தான்.

அந்த சூப்பர்வைசர்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் இரக்கமும் உண்டு, சொல்லிவிடுகிறேன். மணிக்கு இத்தனை ஜோடி என்று மேலே இருந்து அவர்களை அழுத்துகிறார்கள், அவர்கள் எங்களை அழுத்துகிறார்கள். பாத்ரூம் கார்டு என்று ஒன்று உண்டு. ஒரு லைனுக்கு ஒன்றோ இரண்டோ அட்டை, அதை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். கார்டைக் கொடுக்கும்போது, "என்ன, இன்னைக்கு மூணாவது தடவை? மாசக் கணக்கா?" என்று நாலு பேர் சிரிக்கிற மாதிரி கேட்கிற சூப்பர்வைசரை நீங்கள் வேலை வாங்கத் தெரிந்தவர் என்று மெச்சியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சும் இந்தச் சட்டத்துக்குள் வரும். தொட்டால்தான் குற்றம் என்று இல்லை. பாலியல் சாயலோடு பேசுவது, ஆபாசப் படம் காட்டுவது, விரும்பாத எந்த நடத்தையும், சைகைகூட. ஓவர்டைம் தருகிறேன், தர மாட்டேன் என்பதை ஆயுதமாக்குவதும், வேலை செய்யவே முடியாத மாதிரி சூழ்நிலையைக் கெடுப்பதும் அதில் வரும்.

சரி, பாலியல் அல்லாத அவமானங்களுக்கு? அங்கே இந்தக் குழுவுக்கு அதிகாரம் இல்லை, ஆனால் சட்டம் இருக்கிறது. வேலைக்கு ஆள் எடுக்கும்போது கேட்டிலேயே ஒரு கேள்வி: "எந்த ஊரு? ஊரா, காலனியா?" பதிலைப் பொறுத்து தோல் பதனிடுகிற ஈர வேலையா, தையலா, சூப்பர்வைசர் ஆக வாய்ப்பு உண்டா என்பதெல்லாம் ஓசையில்லாமல் முடிவாகிவிடும். சுண்ணாம்புக் குழியிலும் தோல் ஷாப்பு டிரம்மிலும் எந்தத் தெருக்காரர்கள் நிற்கிறார்கள், ஏ.சி. அறையில் எந்தத் தெருக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நம் ஊரில் யாருக்குத் தெரியாது? தீண்டாமையைக் காரணமாக வைத்து ஒருவருக்கு வேலையைத் தடுப்பதை 1955-ம் வருஷக் குடிசார் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமே குற்றம் என்கிறது. ஆனால் காரணத்தை யார் எழுதிக் கொடுப்பார்கள்? "ஆள் தேவையில்லை" என்றுதான் சொல்வார்கள். நாலு பேர் முன்னால் சாதியைச் சொல்லித் திட்டினால், அவமானப்படுத்தினால், அது 1989-ம் வருஷ வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வரும், டி.எஸ்.பி. நிலையில் உள்ளவர் விசாரிக்க வேண்டிய வழக்கு. லைனில் நடந்த பேச்சு, கோபத்தில் வந்த வார்த்தை என்று எச்.ஆர். அறையில் முடித்துவைக்கிற விஷயம் அல்ல. 1989-ல் மாவட்டத்தைப் பிரித்தபோது நமக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றுதான் பெயர் வைத்தார்கள். பெயர் போனாலும் அந்த நினைப்பாவது இருக்கட்டும்.

சம்பளமும் அப்படித்தான். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976-லிருந்தே சட்டம் இருக்கிறது, இப்போது அது ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் போயிருக்கிறது. நீங்கள் அதைத் தாண்டுகிற வழி எங்களுக்கு அத்துப்படி. ஆண் செய்தால் ஆபரேட்டர், பெண் செய்தால் ஹெல்பர். வேலை ஒன்று, ரிஜிஸ்டரில் பெயர் இரண்டு. சட்டம் பார்ப்பது வேலையைத்தான், நீங்கள் வைத்த பெயரை இல்லை. கல்யாணம் ஆகப் போகிறதா, குழந்தை எப்போது என்று கேட்டு ஆள் எடுப்பதை இன்றைக்காவது நிறுத்துங்கள். பேறுகாலத்துக்கு 26 வாரம் என்று 2017-ல் ஆகியாயிற்று, அந்த விடுப்பில் இருக்கிறவளை வேலையை விட்டு நீக்க முடியாது. 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும். பூட்டிக் கிடக்கிற, ஆடிட் அன்றைக்கு மட்டும் பொம்மை வைக்கிற அறையைச் சொல்லவில்லை.

உங்களிடமிருந்து ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிற சின்ன ஷெட்டுகளில் எட்டுப் பேர், ஒன்பது பேர்தான் இருப்பார்கள். பீடி சுற்றுகிற, ஊதுவத்தி உருட்டுகிற பெண்களுக்கு அதுகூட இல்லை. பத்துப் பேருக்குக் குறைவான இடத்தில் உள்ளகக் குழு கிடையாது. அவர்களுக்கும், முதலாளியே தொந்தரவு கொடுத்தால் புகார் சொல்ல வேண்டியவர்களுக்கும் மாவட்டத்துக்கு ஓர் உள்ளூர்ப் புகார்க் குழு உண்டு. 2019-ல் இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டம் ஆனதால், நம் பழைய வேலூர் மாவட்டத்துக்குள்ளேயே மூன்று குழுக்கள் இருக்க வேண்டும். மாவட்ட அதிகாரிகளை நியமித்து இந்தக் குழுக்களை அமைக்கும்படி உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் எல்லா மாநிலங்களுக்கும் கெடு வைத்தது. இது கலெக்டர்களுக்கு எழுத வேண்டிய இன்னொரு மடல். இதைப் படிக்கிற பெண்களுக்கு மட்டும் இரண்டு எண்: 181 பெண்கள் உதவி மையம், 15100 இலவச சட்ட உதவி. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்ணுக்கு வக்கீல் இலவசம்தான், 1987-ம் வருஷச் சட்டப்படி.

உங்களைப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. பயமுறுத்த முடியும் என்றும் தோன்றவில்லை. குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம், அது உங்களுக்கு ஒரு கண்டெய்னரில் நாலு கார்ட்டன் காசு. இரண்டாவது முறை பிடிபட்டால் இரட்டிப்பு, லைசென்ஸே போகலாம் என்பது கொஞ்சம் கனமானது. ஆனால் பூஜ்யத்தை வெளியில் இருப்பவர்கள் பார்க்கும் விதம் மாறுகிறது. 2025 ஜூலையிலிருந்து, சிறு கம்பெனிகள் தவிர மற்றவை, எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது, 90 நாளைத் தாண்டி எத்தனை கிடக்கிறது என்று இயக்குநர் குழு அறிக்கையிலேயே எழுத வேண்டும். அறுநூறு பெண்கள் வேலை செய்கிற இடத்தில் வருஷா வருஷம் 0 என்றால் ஜெர்மனிக்காரருக்கும் சந்தேகம் வரும். திண்டுக்கல் பக்கம் 2021 சனவரியில் ஓர் ஆயத்த ஆடை ஆலையின் தலித் தொழிலாளிப் பெண் கொல்லப்பட்டார், சூப்பர்வைசர் கைதானார். அதற்குப் பிறகுதான் 2022-ல் தொழிற்சங்கமும் நிறுவனமும் வெளிநாட்டுப் பிராண்டுகளும் சேர்ந்து, லைன் பெண்களையே கண்காணிப்பாளர்களாக வைக்கிற ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். திண்டுக்கல் ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். நாம் ஒரு சாவு வரைக்கும் காத்திருக்க வேண்டுமா?

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. நோட்டீஸை எம்.டி. அறை வாசலிலிருந்து கழற்றுங்கள். தமிழிலும் உருதுவிலும் எழுதி, சாப்பாட்டு ஷெட்டிலும் பெண்கள் பாத்ரூமுக்கு உள்பக்கமும் பஸ்ஸிலும் ஒட்டுங்கள். உறுப்பினர் பெயரும் போன் நம்பரும் அதில் இருக்கட்டும். தலைவி அந்த ஆலையிலேயே மூத்த பொறுப்பில் வேலை பார்க்கிற பெண்ணாக இருக்க வேண்டும், வீட்டம்மா இல்லை. பாதிப் பேராவது பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். லைன் பெண்கள் யாரைச் சொல்கிறார்களோ அவர்களை வைப்பது மரியாதை. வெளி உறுப்பினர் உண்மையிலேயே வெளியாளாக இருக்கட்டும், நம் மூன்று மாவட்டத்திலும் பெண்களுக்காக வேலை செய்கிற அமைப்புகளுக்குப் பஞ்சமில்லை. விசாரணைக்குப் போகிற நேரத்துக்குக் கூலி பிடிக்காதீர்கள், அவள் டார்கெட்டை அன்றைக்குக் குறைத்து எழுதுங்கள். ஒன்பதரை மணி பஸ்ஸில் ஒரு பெண் காவலர். இவ்வளவுக்கும் ஒரு நாள் ஓவர்டைம் காசுகூட ஆகாது. சரி, ஆகும், கொஞ்சம் ஆகும்.

அடுத்த வருஷம் உங்கள் அறிக்கையில் 3 என்றோ 5 என்றோ இருந்தால் பதற வேண்டாம். பெண்கள் பேச ஆரம்பித்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தை லைன் பெண்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் சொல்லிக் கொடுக்கக் கூட்டம் போட வேண்டியதும் உங்கள் கடமைதான். யாரும் கிடைக்கவில்லை என்றால் நான் வருகிறேன், காசு வேண்டாம். சட்டம் படித்தவள் இல்லை, ஆனால் அந்தப் பக்கங்களைப் பலமுறை படித்திருக்கிறேன், கையெழுத்துப் போட்ட கதையும் என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வைக்காதீர்கள், அன்றைக்குத்தான் அவர்கள் துணி துவைப்பார்கள், ரேஷன் வாங்குவார்கள். சனிக்கிழமை மதியம், வேலை நேரத்துக்குள்ளேயே, மெஷினை நிறுத்தி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கொடுங்கள்.

இப்படிக்கு,
செக்கிங் டேபிளில் இருந்த ஓர் அக்கா
மாதனூர் பக்கத்திலிருந்து